கேள்விக்காகக் கேட்பதா?

வள்ளுவர் திருக்குறளில் 40 ஆவது அதிகாரத்தைக் கல்விக்கும் 41 ஆவது அதிகாரத்தைக் கல்லாமைக்கும் தந்துவிட்டு, அடுத்த அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயரிட்டார். அங்கே கேள்வி என்றால் வினா அன்று. அறிந்தவர் சொல்வதைச் செவியால் கேட்டு அறிவது. இன்று பள்ளி மாணவியரிடம் 'கேள்வி' என்றால் என்ன என்று வினவிப் பாருங்கள். கேள்வித்தாளில் வருவதுதான் என்போம். ஒரே சொல்லில் இருக்கும் இந்த இரண்டு பொருளும் எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டன என்பதைச் சென்ற பருவத்தில் ஒரு நாள் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதைத் தெரிவித்தது சீன நாட்டு மாணவர்களுக்கான ஓர் ஆங்கிலப் பயிற்சித்தாள்!

எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் அன்று வகுப்பிற்கு வரும்போது கையில் ஒரு கட்டுத் தாளும், சிறிய ஒலிபெருக்கியும் கொண்டுவந்தார். "இது சீனாவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிப் பழகும் தாள். கேட்டலும் படித்தலும் மட்டும் இன்று செய்வோம்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மழலையர் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் படிப்பவர்கள் அல்லவா நாங்கள்! சீனாவிலோ 2001 ஆம் ஆண்டு வகுத்த திட்டப்படி மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் பொதுவாகத் தொடங்குகிறது. அவர்களுக்குக் கடினமானது நமக்கு எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ணினோம்.

அந்தத் தாளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சீனாவில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் செல்ல 'காவ்காவ்' என்னும் நாடு தழுவிய நுழைவுத் தேர்வு உண்டு. 2024 ஆம் ஆண்டில் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாநிலங்களில் மொத்தம் 750 மதிப்பெண். அதில் சீன மொழிக்கு 150, கணக்கிற்கு 150, ஆங்கிலம் போன்ற ஓர் அயல் மொழிக்கு 150. ஆங்கிலத் தாளின் முதல் பகுதி கேட்டல். ஏறத்தாழ 20 நிமிடம், 20 வினாக்கள், 30 மதிப்பெண். முதல் ஐந்து உரையாடல்களை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கச் செய்வார்கள். விடை எழுதப் பத்து வினாடி. அடுத்து வரும் ஐந்து நீண்ட பகுதிகள் இரண்டு முறை ஒலிக்கும். அதன் பிறகு படித்தல் பகுதி, 50 மதிப்பெண்.

ஜூன் 8 ஆம் நாள் பிற்பகலில் இந்தக் கேட்டல் பகுதி நடக்கும் இடங்களில், தேர்வு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே வாயிலை மூடிவிடுவார்கள். மற்றப் பாடங்களுக்குத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் உள்ளே விடுவார்கள், ஆங்கிலத்திற்கு விடமாட்டார்கள். தேர்வு மையங்களுக்கு அருகில் கட்டட வேலையை நிறுத்தி வைப்பதும், வண்டிகள் ஒலி எழுப்பக் கூடாது என்று தடை போடுவதும் வழக்கம். ஒரு நகரமே தன் பிள்ளைகள் கேட்பதற்காக வாய் மூடி இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

தாளின் தொடக்கத்தில் ஒரு மாதிரி வினா. சட்டையின் விலை என்ன? 19 பவுண்டு 15 பென்ஸா, 9 பவுண்டு 18 பென்ஸா, 9 பவுண்டு 15 பென்ஸா? விடை மூன்றாவது. பல்லாண்டுகளாக அதே சட்டை, அதே விலை! சீன மாணவர்கள் பள்ளியை விட்டுப் போய்ப் பல காலம் ஆன பிறகும் இந்தச் சட்டையை நினைத்துச் சிரித்துக்கொள்வார்களாம். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தச் சட்டைக்கு மட்டும் விலை ஏறவில்லை என்று நாங்களும் சிரித்தோம். அதற்குள் முதல் உரையாடல் ஓடி முடிந்துவிட்டது!

இருபது வினா முடிந்தது. தாளை மாற்றித் திருத்தினோம். இருபதும் சரியாக எழுதியவள் ஒருத்தியும் இல்லை. ஆயினும் பலருக்குப் பதினைந்துக்கு மேல் வந்திருந்தது. பரவாயில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்போதுதான் சிஸ்டர், "தாளைக் கவிழ்த்து வையுங்கள். எட்டாவது உரையாடலில் பேசிய இருவரும் யார்? அவர்களுக்குள் என்ன சங்கடம்? யாராவது எழுந்து சொல்லுங்கள்" என்றார்.

வகுப்பில் ஓர் அசைவும் இல்லை. அந்த உரையாடலுக்கு உரிய விடையைச் சரியாகக் குறித்தவர்கள் பாதிப் பேருக்கு மேல். ஆனால் பேசியது தாயும் மகனுமா, கடைக்காரரும் வாடிக்கையாளருமா என்று சொல்லத் தெரியவில்லை. "நீ எப்படிச் சரியாக எழுதினாய்?" என்று சிஸ்டர் ஒருத்தியைக் கேட்டார். "டிக்கெட் என்ற சொல் காதில் விழுந்தது சிஸ்டர், டிக்கெட் என்று இருந்த விடையைக் குறித்துவிட்டேன்" என்றாள் அவள். அவள் உண்மையைச் சொன்னாள். மற்றவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

படித்தலிலும் இதே கதைதான். பழைய கடிகாரங்களைப் பழுது பார்க்கும் ஒரு முதியவரைப் பற்றி ஓர் உரைப்பகுதி. நாங்கள் வழக்கம் போல முதலில் வினாக்களைப் படித்தோம். பிறகு வினாவில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை ஓட்டித் தேடினோம். நான்கு வினாவிற்கும் விடை கிடைத்தது. "கடைசியில் அந்த முதியவர் ஏன் கூலி வாங்க மறுத்துவிட்டார்?" என்று சிஸ்டர் கேட்டார். அவர் மறுத்தார் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அது வினாக்களில் இல்லையே! மறுபடியும் முதலிலிருந்து படித்தோம். அந்தக் கடிகாரம் அவர் இளைஞராக இருந்தபோது தம் கையால் செய்தது என்று இரண்டாம் பத்தியிலேயே இருந்தது. எங்கள் விரல் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

ஆங்கிலம் கேட்கவும் படிக்கவும் சீன மாணவர்கள் செய்யும் பயிற்சியைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து உருவானது அன்றுதான். விடையைப் பிடிக்கப் பழகுவது ஒன்று. கேட்கப் பழகுவது மற்றொன்று. முதலாவதை ஆயிரம் முறை செய்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

இதைச் சொல்வதால் அந்த மாணவர்களை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. அவர்கள் படும் பாட்டை அறிந்தால் யாரும் அப்படி எண்ண மாட்டார்கள். எங்கள் வயதிலேயே, ஒன்பதாம் வகுப்பின் முடிவில், மேல்நிலைப் பள்ளியில் இடம் பெற அவர்களுக்கு 'ஜோங்காவ்' என்ற தேர்வு உண்டு. அதிலும் ஆங்கிலம் உண்டு. காலையில் வகுப்பு தொடங்கும் முன் எல்லோரும் உரக்கப் படிக்கும் நேரம். இரவில் பள்ளியிலேயே அமர்ந்து படிக்கும் நேரம். காவ்காவ் தேர்வுக்கென்று ஏறத்தாழ 3,000 சொற்களை நெஞ்சில் நிறுத்த வேண்டும். அகர வரிசையில் அமைந்த சொற்பட்டியல் நூல்களில் தொடக்கத்திலேயே வருவது 'அபாண்டன்', அதாவது 'கைவிடு' என்ற சொல். புத்தகத்தைத் திறந்ததும் 'கைவிடு' என்று சொல்கிறதே, மூடிவிட்டால் என்ன என்று அவர்கள் தமக்குள் கேலி பேசிக்கொள்வதுண்டு.

மொழியின் இயல்பும் அவர்களுக்குத் துணை செய்வதில்லை. சீன எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறாது. பேச்சில் 'அவன்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். ஆகவே ஆங்கிலம் பேசும்போது இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அவர்களது பொதுமொழியில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோதான் முடியும். எனவே ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் மெய்யொலி அவர்கள் காதில் நழுவிப் போகிறது. எண்களோ இன்னும் தொல்லை. அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். ஆங்கிலம் ஆயிரம், மில்லியன் என்று போகிறது. நாம் லட்சம், கோடி என்று எண்ணிவிட்டு மில்லியன் என்று கேட்டதும் ஒரு கணம் திகைப்பதில்லையா? 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்லும் நம்மவர்களுக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமை ஏது?

இந்தத் தேர்வுக்கு ஒரு வரலாறும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோயிருந்த காவ்காவ் 1977 இன் இறுதியில் மீண்டும் வந்தது. அந்த முறை எழுதியவர்கள் ஏறத்தாழ 57 லட்சம் பேர். இடம் கிடைத்தவர்கள் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர்தாம். ஆங்கிலத்தின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூட்டப்பட்டு, 1983 முதல் முழுமையாகக் கணக்கில் சேர்ந்தது. அந்த நாட்களில் பயிற்சித்தாள் குறைவு, ஆவலோ மிகுதி. 1982 இல் சீனத் தொலைக்காட்சியில் 'ஃபாலோ மீ' என்ற பி.பி.சி. ஆங்கிலப் பாடத் தொடர் ஒளிபரப்பானபோது லட்சக்கணக்கானோர் அதன்முன் அமர்ந்தார்கள். ஷாங்காய் மக்கள் பூங்காவில் முன்பின் அறியாதவர்கள் கூடி ஆங்கிலத்தில் பேசிப் பழகும் 'ஆங்கில மூலை' உருவானது. அங்கே ஏ, பி, சி என்று மூன்று விடை தந்து எவரும் பேசவில்லை. எதிரில் இருப்பவர் சொன்னது புரியவில்லையென்றால் மறுபடி கேட்க வேண்டும். புரிந்தால் மறுமொழி சொல்ல வேண்டும். கேட்டல் என்பது அதுதானே!

பிறகு தேர்வு பெருகியது. பயிற்சித்தாளும் மலை போல் குவிந்தது. உயர்ந்த மதிப்பெண் பெற்றும் வாய் திறந்து பேச இயலாத நிலையைச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். அது ஊமை மட்டுமா? எங்கள் வகுப்பில் நடந்ததைப் பார்த்தால் அதில் பாதி செவிடும்கூட என்றே தோன்றுகிறது.

அப்படியானால் தேர்வில் ஆங்கிலத்தையே குறைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். சீனாவிலும் கேட்டார்கள். 2013 இல் பெய்ஜிங் நகரம் ஆங்கிலத்தை 150 இலிருந்து 100 மதிப்பெண்ணாகக் குறைக்கலாம் என்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2021 மார்ச்சில் நாட்டின் ஆலோசனைப் பேரவை உறுப்பினர் ஒருவர், பள்ளிகளில் ஆங்கிலத்திற்கு முதன்மைப் பாட நிலை வேண்டாம் என்றார். கல்வி அமைச்சகம் அதை ஏற்கவில்லை. கிராமப் பள்ளிகளில் கருவியும் ஆசிரியரும் போதாமையால், சில மாநிலங்களில் சில ஆண்டுகள் கேட்டல் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்காமலே விட்டதும் உண்டு.

இதில் எங்கள் கருத்து வேறு. கேட்டலை எடுத்துவிட்டால் வசதியுள்ள நகரத்துப் பிள்ளை வேறு வழியில் கேட்டுக்கொள்ளும். அதன் வீட்டில் பணம் உண்டு, பயணம் உண்டு. மலைக் கிராமத்துப் பெண்ணுக்கோ பள்ளியை விட்டால் வேறு காது இல்லை. தேர்வில் இல்லாததை எந்தப் பள்ளியும் அவளுக்காகச் செய்யாது. ஆகவே அவளுக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணிக் கேட்டலை நீக்குவது, அவளிடமிருந்து அதைப் பறிப்பதே ஆகும்.

மூன்று விடையில் ஒன்றைக் குறிக்கும் முறையிலும் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. ஒரு கோடிப் பேரின் தாளைத் திருத்தும்போது, உழவர் மகளுக்கும் அதிகாரி மகளுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இயந்திரம் யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை. அந்த நியாயத்தைக் கெடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தேர்வு நாளில் அப்படி இருக்கட்டும். ஆனால் தேர்வு ஒரு நாள். பயிற்சி பல ஆண்டு. அந்தப் பல ஆண்டும் தேர்வு நாளைப் போலவே இருக்க வேண்டுமா என்பதே எங்கள் வினா.

தேர்விலும் நல்ல மாற்றம் வர முடியும் என்பதற்குச் சீனாவிலேயே சான்று இருக்கிறது. குவாங்தொங் மாநிலத்தில் 2011 முதல் காவ்காவ் ஆங்கிலத்தில் கேட்டலையும் பேசுதலையும் கணினி முன் அமர்ந்து செய்கிறார்கள். அதில் ஒரு பகுதி, காதால் கேட்ட கதையைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வது. 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாநிலத் தேர்வில் மற்றொரு புதுமை வந்து பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. முடிவில்லாத ஒரு கதையைப் படித்து, அடுத்து நடப்பதை இரண்டு பத்தியில் எழுதி முடிக்க வேண்டும். இதற்கு 25 மதிப்பெண். விரலை ஓட்டித் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. அந்தக் கதையில் வருபவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் அவர் அடுத்து என்ன செய்வார் என்று எழுத முடியும். இதற்கும் முன்கூட்டியே வாக்கியங்களை நெட்டுருப் போடுபவர்கள் இருக்கலாம். இருந்தாலும் கதையைப் படிக்காமல் தப்ப முடியாது.

சிஸ்டர் அன்று முதல் எங்களுக்கும் இதே வழியில் பயிற்சி தருகிறார். முதல் முறை கேட்கும்போது தாள் கையில் இருக்காது; பேனாவும் இருக்காது. கேட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவளிடம், யார் பேசினார்கள், எங்கே பேசினார்கள், எதற்காகப் பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் வினாக்கள். மூன்றாவதாக, பேசியதை அச்சிட்ட தாளைப் பார்த்து, அதே குரலோடு சேர்ந்து உரக்கப் படிக்க வேண்டும். எந்தச் சொல் காதில் நழுவியது என்று அப்போது தெரிந்துவிடும். படித்தலில், வினாக்களை மறைத்துவிட்டு உரைப்பகுதியை முடிவு வரை படித்து, ஒரே ஒரு வாக்கியத்தில் அதன் செய்தியைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு தாளுக்கு மூன்று நாள் ஆயிற்று. இவ்வளவு மெதுவாகப் போனால் எப்போது முடிப்பது என்று நாங்களே முணுமுணுத்தோம். இப்போது ஒரு நாளில் முடிகிறது. மதிப்பெண்ணும் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. பத்துத் தாளை ஓட்டி முடிப்பதைவிட மூன்று தாளை இப்படிச் செய்வது மேல் என்பதைச் சீனத் தோழியருக்கும் எங்கள் அனுபவத்திலிருந்து சொல்வோம்.

சிஸ்டர் ஏன் அந்தச் சீனத் தாளைத் தேடிக் கொண்டுவந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதற்கு இரண்டு வாரம் முன்பு வெளிநாட்டிலிருந்து வயது முதிர்ந்த ஒரு சிஸ்டர் எங்கள் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அன்போடு ஏதோ கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "யெஸ், சிஸ்டர்" என்றோம். அவர் புன்னகையோடு மறுபடி கேட்டார். மறுபடியும் "யெஸ், சிஸ்டர்". பிறகுதான் தெரிந்தது, விடுமுறையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்! அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தியைப் பற்றியும் ஒன்றும் அறியாமலே விடைபெற்றுப் போனார். எங்கள் ஆங்கில மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் இப்படி நடந்திருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் பொதுத் தேர்வில் ஆங்கிலத்திற்குள்ள 100 மதிப்பெண்ணும் எழுத்தில்தான். எங்களுக்காக எந்த நகரமும் வண்டிகளின் ஒலியை நிறுத்துவதில்லை. சீன மாணவர்களாவது ஆண்டுக்கு ஒரு முறை இருபது நிமிடம் கேட்டே ஆக வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகையால் அவர்களுக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. அவர்களோடு ஒரே பெஞ்சில் இருக்கிறோம்.

பெற்றோர்களே, மாலையில் நாங்கள் வீடு திரும்பியதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு, இன்று என்ன கதை படித்தாய், யார் பேசியதைக் கேட்டாய் என்றும் கேளுங்கள். தங்கைகளே, வினாவைப் பார்க்கும் முன் கதையைப் படியுங்கள். சட்டையின் விலை 9 பவுண்டு 15 பென்ஸ் என்று கண்டுபிடிப்பது எளிது. அந்தச் சட்டையை யார் யாருக்காக வாங்குகிறார் என்று கேட்கும் காது நமக்கு வேண்டும். அடுத்த முறை தொலைவிலிருந்து ஒருவர் வந்து நம்மிடம் அன்போடு ஏதேனும் கேட்டால், "யெஸ், சிஸ்டர்" என்று சொல்லி அவரை அனுப்பிவிடாமல் இருப்போமாக!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி